குருவிக்கல் தோட்டத்தில் தைத்த படகு

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளி ரோட்டில் ஏறி, அதையும் தாண்டி மூன்று மைல் போனால் குருவிக்கல் தோட்டம். கடலைப் பார்க்க வேண்டுமானால் அங்கிருந்து இரண்டு நாள் இறங்க வேண்டும். அப்படிப்பட்ட மலையில், 1912ஆம் வருஷம், அந்தத் தோட்டத்துத் துரை ஒரு பந்தயப் படகு கட்டத் தொடங்கினார். அதைத் தைத்தவள் வடிவம்மா. படகைத் தைப்பார்களா என்று கேட்கத் தோன்றும். முதலில் அவளும் அப்படித்தான் கேட்டாள்.

அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. பிறந்ததும் வளர்ந்ததும் கலியாணம் ஆனதும் அதே தோட்டத்து ஏழாம் நம்பர் லயத்தில், கூலிக்காரரின் வரிசை வீட்டில். தாய் தகப்பன் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். புருஷன் அழகையா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். நாலு வயதில் கனகம் என்று ஒரு பெண் பிள்ளை. மற்றப் பெண்கள் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போகும்போது வடிவம்மா மட்டும் கோணி ஊசியோடு ஸ்டோருக்குப் போவாள். தேயிலை ஆலையைத் தோட்டத்தார் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். அதன் மேல்மாடியில் பச்சைக் கொழுந்தை வாட்டப் போடுகிற தட்டுகள் எல்லாம் சட்டத்தில் இழுத்துக் கட்டிய சணல் துணி. ஈரம் பட்டு இற்றுக் கிழிந்துகொண்டே இருக்கும். கிழிந்ததைத் தைப்பது அவள் வேலை. அவள் தைத்த தட்டில் எவ்வளவு கொழுந்து கொட்டினாலும் தொய்யாது. கையால் தடவினால் தையல் இருக்கும் இடம் தெரியாது. மழை இல்லை, அட்டைக்கடி இல்லை, கொடுத்து வைத்தவள் என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

அந்த வருஷம் தை மாதத்தில் ஒரு காலை, பெரட்டுக்கு, காலை ஆள்கணக்குக்கு, பிந்தி வந்தான் என்று கணக்கப்பிள்ளை அழகையாவைப் பிரம்பால் அடித்தார். இரண்டு அடி வாங்கிக்கொண்டான். மூன்றாவது அடி விழுமுன் பிரம்பைப் பிடுங்கித் திருப்பி அடித்தான். அதற்குப் பிறகு அங்கே நிற்க முடியுமா? லயத்துக்குக்கூட வராமல் பெரட்டுக் களத்திலிருந்தே ஓடினான். பதுளை நீதவான் கோட்டில் அவன் பேரில் வாரண்டு எழுதினார்கள்.

அந்தக் காலத்தில் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்தில் பேர் பதிய வேண்டுமானால், பழைய துரை கையெழுத்துப் போட்ட பத்துச்சீட்டு வேண்டும். சீட்டில்லாமல் போனவன் ஓடிப்போனவன், பிடிபட்டால் மறியல், சிறைதான். அழகையாவுக்கு ராமையா என்று ஒரு அண்ணன் இருந்தான். வேறொரு தோட்டத்தில் சீட்டு வாங்கிக்கொண்டு தம்பியைப் பார்க்க வந்தவன், வந்த இடத்தில் காய்ச்சலில் செத்துப்போனான். அவனுடைய சீட்டு அழகையாவின் இடுப்புப் பையிலேயே கிடந்தது. அதைக் காட்டி, அப்புத்தளையை அடுத்த பெரகலைக்குக் கீழே ஒரு தோட்டத்தில் ராமையா என்ற பெயரில் அவன் சேர்ந்துகொண்டான்.

இந்தச் செய்தியை வடிவம்மாவிடம் கொண்டுவந்தவர் பலீல் முதலாளி. பதுளை பஜாரில் இரும்புக்கடை வைத்திருந்தவர். ஆணி, தகரம், கம்பி என்று தோட்டம் தோட்டமாக வண்டி ஓட்டுவார். அப்புத்தளைப் பக்கமும் போய் வருவார். தாமதிக்காமல் கெதியாய் முறைப்படி சீட்டு வாங்கிக்கொண்டு பிள்ளையோடு வந்துவிடச் சொன்னான் உன் புருஷன் என்றார். அவளும் ஓடிப்போனால் தேடிக்கொண்டு ஆள் வரும். ராமையாவின் குட்டும் உடைந்துவிடும்.

ஆகவே அவள் சட்டப்படி ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்தாள். ஓடிப்போனவன் பெண்சாதி இருந்தென்ன போயென்ன என்று துரை தலையை ஆட்டிவிட்டார். மாதம் முடியப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, தென்கரையிலிருந்து தச்சு மேஸ்திரி சைமன் பாஸ் வந்து சேர்ந்தான்.

துரைக்கு வேகத்தின் மேல் பைத்தியம். சித்திரை சீசனுக்கு நுவரெலியா ஏரியில் துரைமார் மோட்டார்ப் படகுப் பந்தயம் விடுவார்கள். இரண்டு வருஷமாக அவர் தேக்கில் கட்டிய படகு கடைசியாக வந்தது. தேக்குப் பலகை, அதைத் தாங்க உள்ளே தடித் தடியாக வளைகட்டைகள், எல்லாவற்றையும் பூட்ட ஆயிரம் திருகாணி. யானையைத் தண்ணீரில் இறக்கின மாதிரி. சீமையிலிருந்து வந்த ஒரு பத்திரிகையில் வேறு விதம் ஒன்றைப் படித்தார். மெல்லிய பலகையை ஒரு சாய்வில் ஓர் அடுக்கு, அதன் மேல் எண்ணெயில் ஊறிய துணி, மறுசாய்வில் இன்னோர் அடுக்கு. மூன்றையும் சேர்த்துச் செம்புக் கம்பியால் தைத்துவிட்டால் கனம் பாதியாகிவிடும். ஆணியே வேண்டாம். சைமன் பாஸ் கரையோரத்தில் தோணிகளைத் தென்னங்கயிற்றால் தைத்துப் பழகினவன். அதனால்தான் அவனை வரவழைத்தார்.

ஆனால் கயிறு வேறு, கம்பி வேறு. கொஞ்சம் கூடுதலாக இழுத்தால் மெல்லிய மலைவேம்புப் பலகை பிளந்துவிடும். கொஞ்சம் தளர்ந்தால் தண்ணீர் ஒழுகும். பாஸ் மூன்று தரம் தைத்தான், மூன்று தரமும் பலகை போயிற்று. பதுளைத் தையற்காரன் ஒருவன் வந்து கையைக் கிழித்துக்கொண்டு போனான். அப்போதுதான் ஸ்டோரை நடத்தும் டீமேக்கர், வாட்டும் தட்டுகளைக் காட்டி, இதைத் தைத்தவளைக் கூப்பிட்டுப் பாருங்கள் என்று துரையிடம் சொன்னார். வடிவம்மா வந்தாள். இரண்டு சாண் பலகையைத் தைத்துக் கொடுத்தாள். அதை வளைத்துத் தொட்டி மாதிரிப் பிடித்துத் துரை தண்ணீர் ஊற்றினார். ஒரு சொட்டுக் கசியவில்லை. நன்றாகத் தைத்தோமே என்று அவளுக்கு அந்தக் கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மாதம் முடிந்த அன்று சீட்டுக்காக ஆபீஸ் வாசலில் போய் நின்றாள். துரை நிமிர்ந்து பார்த்தார்.

“போட் முடி. அப்புறம் சீட்டு. நீ போனா யாரு தைக்கும்?”

கோபமாகச் சொல்லவில்லை. அவளுடைய கையைப் புகழ்கிறவர் போலச் சொன்னார்.

படகு ஸ்டோரின் கீழ்க்கூடத்தில் ஒரு வருஷம் வளர்ந்தது. பொயிலர் நீராவியில் பலகையை வேகவைத்து, சூடு ஆறுமுன் வளைத்துக் கட்டுவார்கள். தேயிலைப் பெட்டி நிறுக்கிற தராசில் ஒவ்வொரு பலகையையும் நிறுத்துத் துரை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். ஒரு அவுன்ஸ் கூடினாலும் இழைப்புளிக்குத் திரும்பிப் போகும். பாஸ் வெளியே, வடிவம்மா உள்ளே. அவன் துளை வழியாகக் கம்பியைக் கொடுப்பான். அவள் வாங்கி இழுத்து அடுத்த துளையில் திருப்பி விடுவாள். பலகைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் நாளெல்லாம் வேலை செய்தார்கள். சைமன் பாஸுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பாதிச் சிங்களமும் பாதித் தமிழுமாகப் பேசுவான். கோபம் வந்தால் உளியைப் போட்டுவிட்டு வெளியே போய்ச் சுருட்டுப் பிடிப்பான். துரை கூப்பிட்டாலும் சுருட்டு முடிந்த பிறகுதான் வருவான். அதை வடிவம்மா அதிசயம் போலப் பார்ப்பாள். ஒரு நாள் கேட்டாள், பிடிக்காவிட்டால் நீ போய்விடலாமா என்று. ஏன் போகக் கூடாது என்று அவன் திருப்பிக் கேட்டான். அவனுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை.

1913 பங்குனியில் படகு முடிந்தது. ஓட்டத்தில் தையல் விட்டால் அங்கேயே பிடிக்க வேண்டும், ஆகவே வடிவம்மாவும் நுவரெலியாவுக்கு வர வேண்டும் என்று உத்தரவாயிற்று. துரையின் சமையற்காரன் லயத்துக்கு வந்து, பிள்ளையை விட்டுவிட்டு வரச் சொன்னார் என்று கூடுதலாக ஒரு வார்த்தையும் சொன்னான். பிள்ளை லயத்தில் இருந்தால் தாய் ஓடமாட்டாள் என்பது கணக்கு. கனகத்தைப் பக்கத்துக் காம்பராவில், அடுத்த அறைப் பெண்ணிடம், ஒப்படைத்தாள்.

பண்டாரவளையில் படகைத் திறந்த வேகன் ஒன்றில் ஏற்றித் தார்ப்பாய் போட்டுக் கட்டினார்கள். அது உரசாமல் பார்த்துக்கொள்ள அவளும் பாஸும் அதே வேகனில் உட்கார்ந்தார்கள். ரயில் அப்புத்தளையில் நின்றது. மேடையே தெரியாத மூடுபனி. தலையோடு கம்பளியைப் போர்த்திய ஒருவன் வேகன் வேகனாகப் பார்த்துக்கொண்டு வந்தான். நடையிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பலீல் முதலாளி சொல்லியிருக்கிறார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அழகையாவின் முகத்தைப் பார்த்தாள். கன்னம் ஒட்டியிருந்தது.

“எறங்கு,” என்றான்.

“புள்ள அங்க இருக்கு.”

“எங்க?”

“லயத்துல. என்னைய மட்டுந்தான் கூட்டியாந்தாங்க.”

அவன் வேகனின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். பாஸ் மறுபக்கம் திரும்பி உட்கார்ந்தான். தார்ப்பாய்க்கு வெளியே தெரிந்த படகின் முனையை அழகையா கொஞ்ச நேரம் பார்த்தான்.

“அப்ப வரவே மாட்டியா?”

“சீசன் முடிஞ்சதும் சீட்டுக் குடுத்துருவாரு. வந்துர்றேன்.”

ரயில் ஊதியது. வேகன் நகர்ந்த பிறகும் கொஞ்ச தூரம் கூடவே நடந்தான். பிறகு மூடுபனிதான் இருந்தது. இறங்குவதற்கு ஒரு அடி உயரம்கூட இல்லை என்பதை நானுஓயா ஸ்டேஷன் போகும் வரை அவள் நினைத்துக்கொண்டே இருந்தாள்.

ஏரியில் படகு ஒழுகவில்லை, தையல் விடவில்லை. ஆனாலும் தோற்றது. மெதுவாகப் போகும்போது அன்னம் மாதிரிப் போயிற்று; துரை மோட்டாரை முடுக்க முடுக்க முனை மேலே எழும்பி, பின்பக்கம் தண்ணீருக்குள் குந்திக்கொண்டது. கொழும்புத் துரை ஒருவரின் படகு, குளத்தில் எறிந்த சில்லு தத்தித் தத்திப் போகிற மாதிரி மேலாகப் பறந்து முன்னால் போயிற்று. கரையில் வடிவம்மாவின் பக்கத்தில் நின்ற பாஸ், “பின்னாடி உருண்டை. அதான் தண்ணி புடிச்சு வச்சிக்குது, வுடுறதில்ல,” என்றான். உருண்டையான மரத்தில் வழிந்தோடும் தண்ணீர் மரத்தோடு ஒட்டிக்கொண்டே போகும். அப்படி ஒட்டுவதுதான் படகைக் கீழே இழுக்கிறது. கொழும்புத் துரையின் படகுக்கு அடிப்பக்கம் தட்டை. நடுவில் ஒரு படி வெட்டியிருந்தது. வேகம் பிடித்ததும் படிக்குக் கீழே காற்று நுழைந்து தண்ணீரைப் பிரித்துவிடும். படகு எழும்பிவிடும்.

ஒரு வருஷமாகத் தைத்த உடம்பு அது. தோற்றுத் திரும்பியபோது அவளுக்குத் துக்கமாக இல்லை. இனி சீட்டுக் கிடைக்கும் என்றுதான் நினைத்தாள்.

துரை சீட்டுக் கொடுக்கவில்லை. வேறு படகு கட்ட வேண்டும், படி வைத்த படகு, அடுத்த சித்திரைக்கு என்றார்.

இரண்டாவது படகின் அடிப்பக்கம் மேசைப் பலகை போலத் தட்டை. நீளம் பதினெட்டு அடி, நடுவில் நாலு விரல் உயரத்துக்குப் படி. வேகத்தில் தண்ணீர் கல்லாகிவிடும், தட்டையான அடியில் அது மோதுகிற மோதலில் படகே குலுங்கும் என்பதால் தையலை இன்னும் நெருக்கச் சொன்னார் துரை. முன்பக்கத்தை மேலேயும் பலகை போட்டு மூடி, அந்தப் பொந்துக்கும் மோட்டார் இருக்கும் நடுப்பகுதிக்கும் இடையே ஒரு குறுக்குப் பலகை வைத்தார்கள். குறுக்குப் பலகையில் ஒரு துவாரம். முன்பக்க மேல்தட்டைத் தைக்க அந்தத் துவாரத்தின் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். ஆண்கள் யாரும் நுழைய முடியாது. வடிவம்மா இரண்டு கையையும் முன்னே நீட்டி, தோளை ஒருக்களித்து, பாம்பு புற்றுக்குள் போகிற மாதிரிப் போவாள். வேலை முடிந்ததும் பின்பக்கமாக நெளிந்து வெளியே வருவாள். அவள் தைக்கத் தைக்க மேலே இருக்கும் வெளிச்சம் ஒவ்வொரு விரலாகக் குறையும். எண்ணெய் நாற்றமும் சந்துகளில் பூசின மக்கு நாற்றமும் தொண்டையைப் பிடிக்கும்.

1914 பங்குனியில், சீசனுக்குப் பதின்மூன்று நாள் இருக்கையில், கடைசித் தையல் நடந்துகொண்டிருந்தது. காலை பத்து மணி இருக்கும். முந்தின நாள் கூடத்திலேயே மோட்டாரை ஓட்டிப் பார்த்ததில் குறுக்குப் பலகை அதிர்ந்தது என்று துரை வந்து, அந்தத் துவாரத்தைச் சுற்றி ஒரு கட்டுச்சட்டம் வைத்துச் செம்பு ஆணியால் அறையச் சொல்லிவிட்டுப் போனார். பாஸ் உடனே அறைந்தான். உள்ளே வடிவம்மா இருந்தாள். அவள் ஒல்லிதானே, வந்துவிடுவாள் என்று நினைத்தான். சட்டம் துவாரத்தை ஒரு விரல் குறுக்கியது. அவ்வளவுதான்.

கடைசிக் கம்பியை இழுத்து முறுக்கிவிட்டு வடிவம்மா பின்னால் நெளிந்தாள். இடுப்பு வந்தது. தோள் வரவில்லை. திரும்பிப் பார்க்க இடமில்லை. கையை மடக்கவும் முடியவில்லை. மேல்தட்டு முழுவதும் மூடியாயிற்று, மூடியவள் அவளேதான். கொஞ்சம் முன்னால் போய் மறுபடி வந்து பார்த்தாள். இந்த முறை இன்னும் இறுக்கமாக மாட்டியது. மார்பு பலகையில் அழுந்தி, மூச்சை இழுத்தால் பாதிதான் உள்ளே போயிற்று.

பாஸ் ஓடிப்போய்த் துரையைக் கூட்டி வந்தான். துரை குனிந்து பார்த்தார். ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றச் சொன்னார். இருபத்திரண்டு ஆணி, தலை பலகைக்குள் அமுங்க அடித்தது. மேல்தட்டை அறுத்தால் என்ன என்று பாஸ் கேட்டதற்கு, பதின்மூன்று நாளில் வேறு தட்டு யார் வைப்பது என்றார். பாஸ் உளியை எடுத்துக் கழற்றத் தொடங்கினான். ஒவ்வோர் ஆணிக்கும் பிறகு பலகையில் இரண்டு தட்டுத் தட்டுவான். உள்ளேயிருந்து அவள் விரலால் இரண்டு தட்டுத் தட்டுவாள்.

வடிவம்மா கண்ணை மூடிக்கொண்டாள். கனகத்துக்குக் காலையில் ரொட்டி வைத்துவிட்டு வந்தோமா என்பது மட்டும் ஞாபகம் வரவில்லை. அதையே திரும்பத் திரும்ப யோசித்தாள். பிறகு அதையும் யோசிக்க முடியவில்லை.

நாலாவது ஆணிக்குப் பிறகு பாஸ் தட்டினான். பதில் இல்லை. மறுபடி தட்டினான். உளியைக் கீழே போட்டுவிட்டு மரம் அறுக்கும் வாளை எடுத்தான். துரை ஏதோ சொன்னார். அவன் காதில் வாங்கவில்லை. மேல்தட்டில், தையலோடு தையலாக, ஒரு முழ நீளத்துக்கு அறுத்துப் பலகையைப் பெயர்த்து எறிந்தான். தலைமயிரைப் பிடித்து அவள் முகத்தைக் காற்றுக்குத் திருப்பினான்.

மறுநாள் காலை சைமன் பாஸ் உளிப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு பண்டாரவளை ரோட்டில் இறங்கிப் போய்விட்டான். துரை போகச் சொன்னாரா, அவனாகப் போனானா என்று யாருக்கும் தெரியாது. போகுமுன் ஏழாம் லயத்து வாசலில் வந்து நின்றான். சட்டத்தை அறைந்தது நான்தான் என்று சொன்னான். பிறகு, நீயும் போய்விடு என்றான். அவனைப் பொறுத்தவரை அது அவ்வளவு லேசான காரியம்.

வடிவம்மா மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. அதற்குள் துரை பதுளையிலிருந்து ஒரு தட்டானைக் கூட்டிவந்து அறுத்த இடத்தைத் தைக்கச் சொன்னார். அவன் இரண்டு பலகையைப் பிளந்துவிட்டுப் போனான். நாலாம் நாள் ஆள் வந்தது. அவள் எழுந்து போனாள். ஸ்டோர் வாசலில் பலீல் முதலாளி தகரம் இறக்கிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு வாயில் சொல் வந்தது.

“சீட்டு எழுதுங்க தொரை. எனக்கும் புள்ளைக்கும். எழுதி மொதலாளி கையில குடுங்க, அவரு படிக்கட்டும். அப்புறம் தைக்கிறேன்.”

வேலை செய்ய மறுத்தால் கோட்டுக்கு அனுப்புவேன் என்றார் துரை.

“அனுப்புங்க. நான் மறியலுக்குப் போனா யாரு தைப்பா?”

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் தரையைப் பார்த்தார்கள். துரை முகம் சிவந்து ஆபீசுக்குள் போனார். ஒரு தாளோடு வந்தார். பலீல் வாங்கிப் படித்தார். அந்தத் தோட்டத்து வியாபாரம் அவருக்குப் பெரிய வியாபாரம். ஆனாலும் படித்ததைச் சொன்னார்.

“இது பத்து நாள் லீவு எண்டு ஈக்கி, தங்கச்சி. சீட்டு இல்ல.”

வடிவம்மா அசையவில்லை. துரை அந்தத் தாளை வாங்கிக் கிழித்துவிட்டு, வேறு தாள் எழுதிக் கொண்டுவந்தார். பலீல் அதை இரண்டு தரம் படித்தார். அழகையா பெண்சாதி வடிவம்மா, பெண் பிள்ளை ஒன்று, தோட்டத்திலிருந்து விடுவிக்கப்பட்டார்கள் என்று எழுதியிருந்தது. சரியாகத்தான் இருக்கிறது என்று தலையசைத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எந்த வார்த்தை பின்னால் கழுத்தைப் பிடிக்கும் என்று அப்போது அவருக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.

அவள் ஐந்து நாள் தைத்தாள். இம்முறை உள்ளே போகவில்லை. அறுத்த வாய் வழியாகக் கையை விட்டு, கடைசிப் பலகையை வெளியிலிருந்தே வளைந்த ஊசியால் மூடினாள். படகு வண்டியேறிய அதே காலையில் கனகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு மூட்டையோடு பலீல் முதலாளியின் வண்டியில் ஏறினாள். தான் தைத்த படகு தண்ணீரில் எழும்பியதை அவள் பார்க்கவேயில்லை.

பெரகலைக்குக் கீழே இருந்த தோட்டத்தில் கங்காணி சீட்டை வாங்கிப் படித்தார். அழகையா பெண்சாதி என்றிருக்கிறதே, அழகையா எங்கே என்று கேட்டார். பக்கத்தில் நின்றவன் அந்தத் தோட்டத்துக்கு ராமையா. உண்மையைச் சொன்னால் வாரண்டு இருக்கிறது, செத்தவன் சீட்டில் சேர்ந்த குற்றமும் இருக்கிறது. அவன், என் தம்பி பெண்சாதி என்றான். கங்காணி ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு இருவருக்கும் ஒரே காம்பராவைக் காட்டினார்.

அன்றைக்குப் பிறந்தது அந்தப் பேச்சு. கட்டின புருஷனை விட்டுவிட்டு மூத்தானோடு, புருஷனின் அண்ணனோடு, வந்து குடியிருக்கிறாள் என்று லயம் முழுவதும் பரவியது. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் அவள் குடம் வைத்தால் மற்றப் பெண்கள் தங்கள் குடத்தை நகர்த்துவார்கள். மாரியம்மன் கோயில் திருவிழாவில் அவளை விளக்குத் தொட விடவில்லை. சொந்தப் புருஷனோடு வாழ்வதற்கு அவள் தலைகுனிந்து நடந்தாள். சொல்ல வாயிருந்தும் சொல்ல வழியில்லை. அவன் கள்ளுக் குடித்த நாளில் ஒரே கேள்வியைக் கேட்பான், அன்றைக்கு அப்புத்தளையில் ஏன் இறங்கவில்லை என்று. பிள்ளை அங்கே இருந்ததே என்பாள். ஆமாம் என்பான். அடுத்த முறை குடித்தால் மறுபடி கேட்பான்.

இரண்டு வருஷம் கழித்து அந்தத் தோட்டத்து டீமேக்கர் பெரட்டில் வந்து, சாக்குத் தட்டுத் தைக்கத் தெரிந்த பெண் உண்டா என்று கேட்டார். அழகையா அவளைத் திரும்பிப் பார்த்தான். ஸ்டோர் வேலை, நிழல், கூலியும் கொஞ்சம் கூடுதல். வடிவம்மா கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டு கொழுந்து மலைக்கு நடந்தாள். அதற்குப் பிறகு அவள் ஊசி தொட்டு யாரும் பார்த்ததில்லை. கனகத்தின் பாவாடை கிழிந்தால் முடிச்சுப் போட்டுக் கட்டிவிடுவாள். கைக்காரி என்று தெரிந்தால் பிடித்துவைத்துக்கொள்வார்கள் என்று ஒரே ஒரு தரம் புருஷனிடம் சொன்னாள்.

சீமையில் பெரிய சண்டை நடந்த வருஷங்களில் ஒரு நாள் பெரகலை பஜாரில் பலீல் முதலாளியைக் கண்டாள். தாடி வெளுத்திருந்தது. அந்தச் சித்திரையில் படகு முதலாவதாக வந்ததாம். தண்ணீருக்கு மேலே எழும்பி, பின்னால் ஒரு முழம்தான் தொட்டுக்கொண்டு போயிற்றாம். துரை சண்டைக்குப் போய்த் திரும்பவில்லை. படகு ஸ்டோர் முகட்டில் கவிழ்ந்து கிடக்கிறது. இவ்வளவையும் கேட்டுக்கொண்டு நின்றவள் ஒன்று மட்டும் கேட்டாள்.

“தையல் எங்கயாச்சும் விட்டுச்சா, மொதலாளி?”

“ஒரு எடத்துலயும் விடல்ல.”

அவள் சரியென்று தலையசைத்துவிட்டுக் கருவாடு வாங்கப் போனாள்.

இருபதுகளின் தொடக்கத்தில் சட்டம் மாறியது. ஓடிப்போனவனை மறியலில் போடுவது நின்றது. சீட்டுக்கும் பழைய அதிகாரம் போயிற்று. இனி எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று அந்தத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை பெரட்டில் சொன்னார். போகலாமா என்று அழகையா கேட்டான். எங்கே போவது என்று அவள் கேட்டாள். இருவருக்கும் தெரியவில்லை. இருந்துவிட்டார்கள்.

1924இல் கனகத்துக்கு அப்புத்தளையில் மாப்பிள்ளை அமைந்தது. கலியாணத்தைப் பதிய ரெஜிஸ்தர் ஐயா தோட்டத்து ஆபீசுக்கு வந்தார். கங்காணியும் அக்கம்பக்கத்துச் சனமும் நின்றார்கள். பெண்ணின் தகப்பன் பெயர் என்ன என்று அவர் கேட்டார். ராமையா என்ற பெயரில் பன்னிரண்டு வருஷம் வாழ்ந்தவன் வாயைத் திறந்தான், மூடினான். கங்காணி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சிரித்தார். அதுவரை வடிவம்மா எந்தப் பெண்சாதியையும் போலப் புருஷன் பெயரை வாயால் சொன்னதில்லை.

“அழகையா,” என்றாள். பிறகு பக்கத்தில் நின்றவனைக் கைகாட்டினாள். “இவருதான் அழகையா. எம் புருஷன். புள்ளைக்குத் தகப்பன். செத்தவரு சீட்டுல இங்க வந்து சேந்தாரு. எழுதிக்கங்க.”

ரெஜிஸ்தர் ஐயா பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி கங்காணியைப் பார்த்தார்.  அழகையா மெதுவாகத் தலையை ஆட்டினான். அவர் எழுதினார்.

சில பெண்கள் நம்பினார்கள். சிலர், மகள் கலியாணத்துக்காகக் கதை கட்டுகிறாள் என்றார்கள். மறுநாள் பெரட்டில் கணக்கப்பிள்ளை வழக்கம்போல ராமையா என்று பேர் கூப்பிட்டார். பழகிப்போன வாய். அவனும் வழக்கம்போலக் கையைத் தூக்கிவிட்டுக் கவ்வாத்துக் கத்தியோடு மலைக்குப் போனான்.